முறைப்படி பிரிச்சு விடுதல்

குடும்பம் என்ற ஒன்றை முதலில் கண்டுபிடித்தது யார் என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி அவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். தேவிகுளத்திலிருந்து மலையிறங்கும் ரோட்டில், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு தேயிலை ஃபாக்டரியில், ஒரு திங்கட்கிழமை, காலை டீக்குப் பிறகு, குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது ஃபாக்டரியைப் புதிதாக வாங்கிய கம்பெனி. அதன் பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. புகழ் அதற்கு அறவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையைச் செய்வதற்கென்றே கொச்சியில் ஒரு மாடி முழுக்க ஆட்களை உட்கார வைத்திருக்கிறது.

அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் வெறும் தொழிலாளிகள். போடிப் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் எந்தக் காலத்திலோ மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்கும் அப்பா, அம்மா, கொழுந்தியாள், நாத்தனார் எல்லோரும் இருந்தார்கள்தான். ஆனால் அதற்குப் பெயர் குடும்பம் என்று யாரும் அவர்களுக்குத் திரையில் படம் போட்டுக் காட்டியதில்லை. பாவம், இருட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சுருளிவேல். ட்ரையரில் வேலை. அரைத்த கொழுந்தைச் சுடுகாற்றில் காய வைத்துத் தேயிலையாக்குவது அந்த மெஷின். மெஷினைக் காய விடாமல் பார்த்துக்கொள்வது சுருளிவேல். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடும் அரிய குணம் படைத்தவர். "இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று எவனோ போனில் சொன்னதை நம்பிக் குமுளி பஸ் ஸ்டாண்டில் அரைநாள் நின்றவர். அவர் மனைவி பூமாரிக்கு அந்தக் குணம் சுத்தமாகக் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும் என்று ஆண்டவன் நினைத்திருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பு விழா, கொழுந்தை வாட்டும் மேல்மாடியில் நடந்தது. அதை அறிவிக்க வந்தவர் மோகனசுந்தரம். பாலக்காட்டுக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்தவர். பதவியின் பெயர் 'மகிழ்ச்சி மேலாளர்'. மலையில் இருப்பவர்களுக்கு மகிழ்ச்சியைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் தேவை என்று தலைமை அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது.

"இன்னைலிருந்து இங்க மொதலாளி கெடையாதுங்க, தொழிலாளி கெடையாதுங்க," என்றார் அவர். "நாம அத்தனை பேரும் ஒரே குடும்பமுங்க."

எல்லோருக்கும் மஞ்சள் பனியன் வழங்கப்பட்டது. நெஞ்சுப் பக்கம் 'நான் குடும்பம்' என்று அச்சடித்திருந்தது. சுருளிவேல் அங்கேயே சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டார்.

கொழுந்தை அரைக்கும் ரோலரில் வேலை பார்க்கும் பாண்டி எழுந்தான். "சார், அப்ப ஓவர்டைம்?"

"ஏனுங்க, ராத்திரி நேரங்கழிச்சு வந்தா உங்கம்மா தோசை சுட்டுப் போடறாங்க. ஓவர்டைமா கேக்கறாங்க?"

"எங்கம்மா எட்டு மணிக்கே படுத்துரும் சார்."

"அது வேறங்க. தத்துவத்தைப் பாருங்க."

"லீவு?"

"சொந்த ஊட்ல இருந்துக்கிட்டு ஊட்டுக்கே லீவு போடுவீங்களா?"

பாண்டி உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொருவர் போனிலும் ஒரு பொத்தான் வந்தது. அதை அழுத்தினால் 'தொழிலாளி' போய் 'குடும்ப உறுப்பினர்' வரும். எல்லோரும் அழுத்தினார்கள். அப்போது சுருளிவேல் கையைத் தூக்கினார்.

"சார், குடும்பம்னு ஆயிப்போச்சு, ரொம்பச் சந்தோசம். நீங்க எங்களுக்கு என்ன முறை?"

நிர்வாகப் படிப்பில் 'முறை' என்றால் ஷிப்டு முறை, சம்பள முறை, கூடவே ஒரு செயல்முறை. லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தொழிலாளிகள் குடியிருக்கும் அந்த வீடுகளில், முறை என்றால் ஒன்றே ஒன்றுதான். நீ எனக்குப் பங்காளியா, மாமன் மச்சானா? அது தெரியாமல் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது, யார் வீட்டு விசேஷத்தில் யார் முன்னால் நிற்பது?

"எந்த முறை வேணும்னாலும் வெச்சுக்கோங்க," என்றார் மோகனசுந்தரம், பெருந்தன்மையாக. பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்ததெல்லாம் இப்படிப்பட்ட பெருந்தன்மையால்தான்.

அன்று சாயங்காலம் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் விவாதம் நடந்தது. பங்காளி முறைதான் கௌரவம் என்றான் பாண்டி. பூமாரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"பங்காளின்னா அவுக பக்கம் ஒரு சாவு விழுந்தா நமக்குத் தீட்டு. கம்பெனில பங்கு வச்சிருக்கவன் பம்பாயில இருக்கான், துபாயில இருக்கான். தெனம் ஒருத்தன் சாகத்தான் செய்வான். அப்புறம் நம்ம மாரியம்மனுக்குக் கொடியேத்துறது எப்ப?"

பங்கு வைத்திருப்பவனே பங்காளி என்ற இந்த நுட்பம் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே மாமன் மச்சான் முறை ஏகமனதாக நிறைவேறியது. பூமாரிக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. மோகனசுந்தரத்துக்குத் தம்பி வயசு. ஆகவே அவர் பூமாரிக்குத் தம்பி, சுருளிவேலுக்கு மச்சினன். மறுநாள் காலை ஃபாக்டரி வாசலில் சுருளிவேல் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க மாப்ள சார்" என்றார்.

கம்பெனி இதைக் கண்டு பூரித்துப்போனது. 'மாப்ள சார்' என்ற சொல், மகிழ்ச்சி இவ்வளவு சதவீதம் கூடியிருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கொச்சிக்கு அனுப்பப்பட்டது.

ஆனால் முறை என்பது கூப்பிடுவதோடு நிற்பதா? சுருளிவேலின் ஒரே மகள் மாரீஸ்வரியைக் குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை ஏலக்காய்க் கடையில் வேலை. அவள் முதல்முறையாக முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்குத் தாய்மாமன் வராமல் எப்படி? சுருளிவேலும் பூமாரியும் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு மகிழ்ச்சி மேலாளரின் அறைக் கதவைத் தட்டினார்கள்.

மோகனசுந்தரம் வந்தார். தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று தலைமை அலுவலகத்தைக் கேட்டிருக்கிறார். அவர்கள் 'பரிசுப் பை' என்று புரிந்துகொண்டு அனுப்பிவைத்தார்கள். கம்பெனி பெயர் போட்ட ஒரு காப்பிக் கோப்பை, ஒரு சாவிக்கொத்து, இருப்பதிலேயே சின்ன அளவில் 'நான் குடும்பம்' பனியன் ஒன்று. சம்பந்தி வீட்டார் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பூமாரி மட்டும் முகம் கோணாமல் அதைத் தட்டில் வளையலோடு வளையலாக வைத்தாள். மோகனசுந்தரம் போட்டோ எடுத்தார். எடுத்து முடித்ததும் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட அவர் நிஜமாகவே மகிழ்ச்சியானார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"அக்கா, அந்தப் புளிசோறு இன்னுங் கொஞ்சம் வெய்யுங்க," என்றார். அக்கா என்று வாய் தானாக வந்துவிட்டது.

போட்டோவைக் கம்பெனி ஊருலகத்துக்கெல்லாம் பரப்பியது. 'எங்கள் குடும்பத்தில் ஒரு குட்டி விருந்தாளி.' ஆயிரக்கணக்கானோர் விரும்பினார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. மாரீஸ்வரி கையில் வளையல் குலுங்க லயத்துக்கு வந்து சேர்ந்தாள். இருந்த இரண்டு அறையில் வெயில் படுகிற முன்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

அவள் வந்து சில நாளில் புதிய மெஷின்கள் வந்தன. கொழுந்தைப் போட்டுவிட்டால் அவையே வாட்டி, அரைத்து, காய வைத்து, சலித்துவிடும். இடையில் டீ கேட்காது. கூடவே இன்னொரு தொலைநோக்குத் திட்டமும் வந்தது. லயத்து வீடுகளுக்குச் சாயம் பூசி, சுற்றுலா வருபவர்களை ஒரு 'உண்மையான குடும்ப'ச் சூழலில் தங்க வைப்பது. அதற்கு முதல் தேவை, அங்கே இருக்கும் குடும்பங்கள் காலி செய்வது.

மறுபடியும் மேல்மாடியில் கூட்டம். மோகனசுந்தரத்தின் முகம் அங்கே பரத்தியிருந்த கொழுந்தைவிட வாடியிருந்தது. கொச்சியிலிருந்து வந்த அறிவிப்பு மலையாளத்தில் இருந்தது. மலையாளத்தில் வேலையை விட்டு நீக்குவதற்கு 'பிரிச்சுவிடல்' என்று பெயர். கேட்பதற்குத் தமிழ் மாதிரியே இருக்கிறதே என்று அவர் அந்தச் சொல்லை மாற்றாமல் விட்டுவிட்டார்.

"குடும்பத்துல பாதிப் பேரைப் பிரிச்சு உடறோமுங்க," என்று வாசித்தார். "மாசக் கடைசிக்குள்ள லயத்து ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துப்போடோணுமுங்க."

கேரளத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிரிச்சுவிடல் என்றால் தெரியாதா? பெண்கள் தலையில் கை வைத்தார்கள். பாண்டி பனியனைக் கழற்றி எறிந்தான். நீக்கப்படுவோர் பட்டியலில் தன் பெயரையும் கேட்ட சுருளிவேலின் காதில் மட்டும் முதல் சொல் முதலில் விழுந்தது: குடும்பத்துல. குடும்பத்தில் பிரிச்சு விடுவது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம். அவர் சாந்தமாக எழுந்தார்.

"நல்லது மாப்ள சார். பிள்ளைக தலையெடுத்துட்டா பிரிச்சு விடுறதுதான். எங்கய்யாவும் எங்கள அப்படித்தான் பிரிச்சு விட்டாரு. எனக்கு ஒரு அண்டா, ரெண்டு வெள்ளாடு. எங்கண்ணனுக்குக் கட்டிலு. நாம எப்ப உக்காரலாம்?"

"எதுக்குங்க?"

"பாகம் பிரிக்க."

மேல்மாடியில் அழுகை நின்றது. எல்லோரும் சுருளிவேலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டி மெதுவாகப் போய்ப் பனியனை எடுத்து, உதறி, மாட்டிக்கொண்டான்.

"ரோலர் எனக்கு," என்றான்.

"மேனேஜர் பங்களாவுக்குப் பின்னாடி நிக்கிற பிளம்ஸ் மரம் எங்களுக்கு," என்றது ஒரு குரல். "அதெப்படி, மரத்துக்கு மருந்தடிச்சது எங்க வீட்டுக்காரரு," என்றது இன்னொன்று. ஜீப்பை இரண்டு பேர் கேட்டார்கள். வேலை நேரத்துக்கு ஊதும் சங்கை ஒருவர் கேட்டார். எதற்கு என்றதற்கு, "ஊதாம வச்சுக்கிறதுக்கு" என்றார். பிளம்ஸ் மரத்தை முன்னிட்டு இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றது. கம்பெனி எவ்வளவோ செலவழித்தும் உண்டாக்க முடியாத குடும்பம், அந்தச் சில நிமிஷத்தில் அசலாகவே உண்டாகிவிட்டது.

"எனக்கு மெஷினு எதுவும் வேண்டாம் மாப்ள சார்," என்றார் சுருளிவேல். "அந்த ரெண்டு ரூமு வீடு போதும். பிள்ளை பேறுகாலத்துக்கு வந்து உக்காந்திருக்கா."

மோகனசுந்தரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மாமா, அது இந்தப் பிரிச்சு உடறது இல்லீங்க. இது மலையாளத்துப் பிரிச்சு உடறதுங்க."

பூமாரி முன்னால் வந்தாள். "தம்பி, குடும்பம்னு சொன்னது எந்தப் பாசையில?"

"தமிழ்லதானுங்க, அக்கா."

"சொன்ன பாசையிலயே பிரிங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் மாரீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தபடி கேட்டாள். "அப்பா, வீட்டை எடுத்துருவாகளா? நான் குமுளிக்கே போயிரவா?"

"என்னத்துக்குப் போற? ஒந்தாய்மாமன் அங்க இருக்காருல்ல," என்றார் சுருளிவேல். சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் அதே கவலைதான். தலைப்பிரசவத்துக்கு வந்த மகளைத் திருப்பி அனுப்பினால் சம்பந்தி வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? ஊரில் ஒரு சாண் நிலம் கிடையாது. சாமான்களையும் பிள்ளைத்தாய்ச்சியையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பூமாரி வேறு யோசனையில் இருந்தாள். பாகம் பிரிப்பதென்றால் இரண்டு பக்கமும் சேராத பெரிய மனுஷர் ஒருவர் நடுவில் உட்கார வேண்டும். அவள் பஸ் ஏறித் தேவிகுளத்துக்குப் போய், தொழிலாளர் துறை அதிகாரி டின்சி மேடத்துக்கு முன்னால் வெற்றிலைத் தட்டை நீட்டினாள். டின்சி மேடம் முதலில் சிரித்தார். முழுக்கதையும் கேட்ட பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஞான் வராம், சேச்சி," என்று வருவதாக ஒப்புக்கொண்டார்.

பாகப்பிரிவினை நாளன்று மேல்மாடியில் பாய் விரித்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் வெற்றிலைத் தட்டும் வைத்தார்கள். திரையில் கொச்சியிலிருந்து கம்பெனியின் தலைவர் ஜெகன் தோன்றினார். முதலாளி என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கசங்கிய பனியன் போட்டிருந்தார். பக்கத்தில் கோட்டுப் போட்ட வக்கீல்.

"ஹலோ, என் குடும்பமே," என்றார் ஜெகன்.

டின்சி மேடம் தொண்டையைச் செருமினார். "சார், உங்க ரெக்கார்டில் தொழிலாளின்னு ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் குடும்ப உறுப்பினராக்கும். தொழிலாளின்னா எனக்குப் பேசலாம். குடும்பக்காரங்க பாகம் கேட்டா அது கோர்ட்டு காரியம். ஃபாக்டரி, தோட்டம், பங்களா, மொத்தமும் பங்கு வீதம் வைக்கணும். சாருக்கும் ஒரு வீதம் கிட்டும்."

திரையில் சத்தம் நின்றது. வக்கீல் ஜெகனின் காதோரம் குனிந்தார். இருவர் உதடுகளும் வேகவேகமாக அசைந்தன. எவ்வளவு நேரம் போயிற்றென்றால், பாண்டி இரண்டு தரம் வெற்றிலை போட்டுவிட்டான். பிறகு சத்தம் வந்தது.

"ஒரு சின்னத் தவறான புரிதல்," என்றார் ஜெகன். "குடும்பம் என்பது ஒரு உணர்வு. அவ்வளவுதான். நீங்க யாரும் எங்களுக்குச் சொந்தம் இல்ல. நீங்க எங்க தொழிலாளிகள். வெறும் தொழிலாளிகள். ஒரு நாள்கூட வேற எதுவாவும் இருந்ததில்ல."

சுருளிவேலுக்கு மனசு விட்டுப்போயிற்று. மற்றவர்கள் எப்படியோ, அவர் அதை நம்பியிருந்தார். குழம்பு வைத்தால் மாப்ள சாருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லும் அளவுக்கு நம்பியிருந்தார். நெஞ்சில் எழுதியிருந்ததைக் கையால் மறைத்துக்கொண்டு, "அப்ப மாப்ள சாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"சார், இன்னொரு தரம் உரக்கச் சொல்லணும்," என்றார் டின்சி மேடம். "இங்க பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல."

"தொழிலாளிகள்," என்று ஜெகன் உரக்கக் கத்தினார்.

"நன்னாயி. தொழிலாளின்னா நியமம் உண்டு, லேபர் சட்டம். எங்க டிபார்ட்மெண்ட் அனுமதி இல்லாம ஒருத்தரையும் பிரிச்சுவிட முடியாது. அனுமதி கிட்டினாலும், கொடுக்க வேண்டியது மொத்தமும் கொடுத்துத் தீர்க்கிற வரை லயத்து வீட்டுமேல கை வைக்க முடியாது. பின்னே, அந்த ஓவர்டைம்..."

அந்த நேரம் பார்த்து மலையில் நெட்வொர்க் போய்விட்டது. கொச்சியிலும் அதே நேரத்தில்தான் போயிற்றாம்.

சுருளிவேலுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பூமாரி அவர் தோளை இடித்து, "வீடு நிக்கிதுய்யா," என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் நெஞ்சிலிருந்த கையை எடுத்தார். குடும்பம் கண்டுபிடிக்கப்பட்ட அன்று கைதட்டியதைவிட, குடும்பமே இல்லை என்று தெரிந்த அன்று மேல்மாடியில் கைதட்டல் அதிகம். வேலைக்குத் திரும்பியவர்கள் ஒருவரையொருவர் "என்ன தொழிலாளி, சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டார்கள்.

மாரீஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் லயத்து வீட்டு முன்னறைக்குக் கூட்டிவந்த மறுநாள், மோகனசுந்தரம் வந்தார். கையில் பழம், பூ, பிள்ளைக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. முதுகில் துணிமூட்டை மாதிரி ஒரு பை.

"என்னையும் பிரிச்சு உட்டுப்போட்டாங்க மாமா," என்றார். "குடும்பங்கற சொல்லைத் தமிழ்ல சொல்றப்ப கவனமா இல்லைன்னுட்டாங்க."

சுருளிவேல் பதறிப்போனார். "டின்சி மேடத்துக்கிட்டச் சொல்லலாம் மாப்ள. நியமம் இருக்குல்ல."

"அது உங்களுக்குங்க. நான் தொழிலாளி இல்லீங்களே. மேலாளர்னு பேரு வெச்சுட்டாங்க. எனக்கு எந்த நியமமும் இல்லீங்க."

சுருளிவேல் அவர் முதுகிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார். "தம்பி, கையக் கழுவிட்டு உக்காருங்க," என்றாள் பூமாரி. மோகனசுந்தரம் உட்கார்ந்து சாப்பிட்டார். கொலுசைப் பிள்ளையின் காலில் மாட்டினார். மாரீஸ்வரி, "எங்க மாமா வந்துருக்காக பாரு," என்று பிள்ளையைத் திருப்பிக் காட்டினாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் கடைசியாகக் கேள்விப்பட்டதைச் சொன்னார். கம்பெனி காந்தலூருக்கு அந்தப் பக்கம் இன்னொரு இடம் வாங்கப்போகிறதாம். அங்கே குடும்பம் என்று யாரும் மறந்தும் வாயெடுக்கக் கூடாது என்று உத்தரவாம்.

"அப்புறம் என்னன்னு சொல்லுவாக?" என்றார் சுருளிவேல்.

"பனியன்லாம் அடிச்சாச்சுங்க மாமா. இனிமே தொழிலாளிகதான் கம்பெனிக்குச் சாமியாமுங்க."

சுருளிவேலின் முகம் மலர்ந்தது. என்ன இருந்தாலும் பெரிய மனசுக்காரர்கள்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"சாமியா? அப்ப அங்க உள்ளவுகளுக்கு வீட்டுக் கவலையே கிடையாதுன்னு சொல்லு. சாமின்னா கோயிலு கட்டித்தானே ஆகணும்."

பூமாரி பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே சொன்னாள். "கட்டுவாக. சாவி பூசாரி இடுப்புல இருக்கும்."